சன்னது பெற்ற பின்னும் படிப்பு

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி, சட்டம் பயிலும் இளைஞர்களுக்கென நடைபெற்ற அமர்வில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு இச்சங்கம் தொடங்கப்பெற்றபோது நம் முன் நின்ற கேள்வி, நம் பிள்ளைகள் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டுவார்களா என்பதே. பின்னர், கல்லூரிக்குள் நுழைவார்களா என்று கேட்டோம். இன்று இம்மன்றத்தில் முன்வரிசை முழுவதும் சட்டக் கல்லூரி மாணவர்கள் அமர்ந்திருக்கக் காண்கிறோம். ஏற்கெனவே கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றங்களில் நிற்போரும் நம்மிடையே சிலர் உளர். இது மகிழ்வதற்குரிய காட்சியே. ஆயினும் விழாக் கூட்டத்தில் பாராட்டு மட்டுமே பேசிக் கலைவது நமது சங்கத்தின் வழக்கமன்று. எனவே, இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுக் கசப்பானது. சன்னது பெற்ற நாளோடு வழக்கறிஞரின் படிப்பு முடிந்துவிடுகிறதா? அவருடைய நேர்மையை யார் சோதிக்கிறார்கள்? அச்சோதனை தவறினால் அதன் விலையைக் கொடுப்பவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன்பு முதியவர் ஒருவர் நம் சங்க அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய மகனைச் சாதியின் பெயரால் இழித்துப் பேசி, அடித்து, கையை முறித்திருந்தனர். வழக்குப் பதிவாயிற்று, முதல் எதிரி கைதும் ஆனான். சில வாரங்களில் அவன் ஊர் திரும்பிவிட்டான். "டீக்கடையில அவன நேருக்கு நேர் பார்த்தப்பத்தான் ஜாமீன் கெடச்சதே எனக்குத் தெரியும், ஐயா" என்று அம்முதியவர் கூறியது இன்றும் நம் காதில் ஒலிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடக்கும் வழக்கில், பிணை மனு உள்ளிட்ட எந்த நடவடிக்கையானாலும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய காலத்தில் அறிவிப்புத் தரப்படவேண்டும். பிணையைப் பற்றி அவர் சொல்வதையும் நீதிமன்றம் கேட்கவேண்டும். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பெற்று, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15-ஏ பிரிவு இவ்வுரிமையை அளிக்கிறது. அம்முதியவர் ஏற்கெனவே ஒரு வழக்கறிஞரை அமர்த்தியிருந்தார். அவரும் நம் சமுதாயத்து இளைஞரே. அவரை அழைத்துக் கேட்டோம். அவர் மறைக்கவில்லை. "அப்படி ஒரு பிரிவு வந்திருப்பது எனக்குத் தெரியாது" என்றார். அவர் மேசையின்மீது இருந்த சட்டநூல், திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு. பின்னர் உயர்நீதிமன்றம் வரை சென்றோம். பிணை ரத்தாகவில்லை. அதற்குள் சாட்சிகள் இருவர் ஊரைவிட்டு வெளியூர் போய்விட்டனர்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அவ்வழக்கறிஞர் நேர்மையற்றவர் அல்லர். முதியவரிடம் கட்டணமாக ஒரு காசும் பெறவில்லை. பேருந்துச் செலவைக்கூடத் தம் கையிலிருந்தே செய்தார். நல்ல மனம் இருந்தது. நூல் பழையதாக இருந்தது. அந்தப் பழைய நூலால் நேர்ந்த கேடு, ஒரு வஞ்சகரால் நேர்ந்திருக்கக்கூடிய கேட்டுக்கு எள்ளளவும் குறைந்ததன்று. ஆகவே, தொழில்நெறி வேறு, தொழிலறிவு வேறு என்று பிரித்துப் பேசுவதை நாம் ஏற்பதற்கில்லை. அறியாமலிருப்பதும் நெறி தவறுதலே என்பதுதான் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து. 2021-இல் உச்சநீதிமன்றம், 15-ஏ பிரிவின்படி அறிவிப்புத் தருவது கட்டாயமே என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நம் முதியவருக்குப் பயன்படவில்லை. அடுத்து வருபவருக்குப் பயன்படவேண்டுமானால், அதனைப் படித்த ஒருவர் நீதிமன்றத்தில் எழுந்து நிற்கவேண்டும்.

இன்று நீங்கள் கற்பது, நாளை நீங்கள் வாதாடும்போது மாறாமல் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. கொலை என்றால் 302, மோசடி என்றால் 420 என்று சட்டம் படியாத மக்களும் அறிந்திருந்தனர். திரைப்படங்களிலும் அவ்வெண்கள் புழங்கின. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 302 இப்போது 103. 420 இப்போது 318. குற்ற நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறின. எண்தானே மாறியது என்று சிலர் கூறுவர். அவர்கள் கவனத்திற்கு ஒன்றைச் சொல்கிறோம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது உயர்நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறித்தது. வழக்கையே ரத்து செய்யக் கோருவோர் அப்பிரிவின்கீழ் மனுச் செய்தனர். புதிய சன்ஹிதாவில் அதே 482 முன்பிணையைக் குறிக்கிறது. உள்ளார்ந்த அதிகாரம் 528-க்குப் போய்விட்டது. பழைய பழக்கத்தில் எண்ணிட்டு மனுவெழுதுபவர் ஒன்றைக் கேட்க எண்ணி வேறொன்றைக் கேட்டு நிற்பார்.

நமக்கு இது மேலும் நெருங்கிய செய்தி. வன்கொடுமை வழக்கில் முன்பிணை கிடையாது என்று கூறும் 18-ஆம் பிரிவு, பழைய நடைமுறைச் சட்டத்தின் 438-ஆம் பிரிவைப் பெயரிட்டுத் தடுக்கிறது. அந்த 438 இன்று ஏட்டில் இல்லை. எனவே தடையும் போயிற்று என்று எதிர்த்தரப்பு வாதிடுமானால், ரத்தான சட்டத்தைச் சுட்டும் இடத்தில் அதற்கு மாற்றாக வந்த சட்டத்தையே கொள்ளவேண்டும் என்று பொது விதிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவை எடுத்துக்காட்ட நம் தரப்பில் ஒருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அது போலவே, புதிய சன்ஹிதாவின்படி புலன்விசாரணை எவ்வளவில் நிற்கிறது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குக் காவல்துறை தெரிவிக்கவேண்டும். அரசுத் தரப்பு வழக்கைத் திரும்பப் பெற நினைத்தால், பாதிக்கப்பட்டவரைக் கேளாமல் நீதிமன்றம் இசைவளிக்கலாகாது. இவை நமக்குக் கிடைத்த புதிய கருவிகள். கருவி பெட்டிக்குள்ளேயே கிடந்தால் யாருக்கு லாபம்?

புதியதை மட்டும் படித்தால் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892 முதல் நம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களை நினைத்துப் பாருங்கள். குறிப்பிட்ட காலம் வரை விற்கக்கூடாது, அதன் பிறகும் நம்மவர் அல்லாத பிறருக்கு விற்கக்கூடாது என்னும் நிபந்தனைகளோடு அவை தரப்பட்டன. வருவாய் வாரியத்தின் நிலையாணை 15-ஐ ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்த வழக்கறிஞர், அத்தகைய நிலத்திற்குப் பிறர் பெயரில் கிரயப் பத்திரம் எழுதித் தரமாட்டார். எழுதப்பட்டதைக் கண்டால் சும்மா இருக்கவும் மாட்டார். சட்டக் கல்லூரிப் பாடத்தில் இது பெரும்பாலும் வருவதில்லை. வெளியே வந்த பின் தாமே தேடிப் படித்தால்தான் உண்டு.

பிற நாடுகளில் இதற்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் மினசோட்டா, அயோவா என்னும் இரு மாநிலங்கள் 1975-இல் ஒரு விதியைக் கொண்டுவந்தன. தொழில் புரியும் வழக்கறிஞர் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட மணிநேரம் தொடர்ந்து கற்கவேண்டும். இல்லையேல் தொழில் செய்யும் உரிமை நிறுத்தப்படும். மினசோட்டாவில் மூன்று ஆண்டுகளுக்கு 45 மணிநேரம் என்று வகுத்தனர். பின்னர் அந்த மணிநேரத்துக்குள்ளேயே தொழில்நெறிக்கென ஒரு பகுதியையும், பாகுபாட்டு மனப்பான்மையை நீக்குவதற்கென ஒரு பகுதியையும் தனியே ஒதுக்கினர். இன வேற்றுமை ஊறிய ஒரு நாடு, வழக்கறிஞரும் அவ்வேற்றுமையைத் தம் மனத்தில் சுமந்தே நீதிமன்றத்துக்குள் நுழைகிறார் என்பதை ஒப்புக்கொண்டு, அதனைப் பாடமாக வைத்தது. சாதி ஊறிய நம் நாட்டில் அத்தகைய பாடம் ஒரு மணிநேரமேனும் வழக்கறிஞருக்குக் கட்டாயமா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூறவேண்டியிருக்கிறது.

அந்நாட்டார் தொழில்நெறிப் பாடத்தைக் கட்டாயமாக்கியதற்கும் ஒரு காரணம் உண்டு. வாட்டர்கேட் ஊழலில் சிக்கியவர்களுள் வழக்கறிஞர்கள் பலர். குடியரசுத் தலைவர் நிக்சனே வழக்கறிஞர். நியூயார்க் மாநிலம் 1976-இல் அவர் பெயரை வழக்கறிஞர் பட்டியலினின்றும் நீக்கியது. அவ்வூழல் வெடித்த சூழலில்தான் 1974-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், தன் அங்கீகாரம் பெற்ற சட்டக் கல்லூரிகள் யாவும் தொழில்நெறியைக் கற்பிக்கவேண்டும் என்று விதித்தது. அவமானம் வந்த பின்னரே அறிவு வந்தது என்று நாம் ஏளனம் செய்யவேண்டியதில்லை. அவமானம் வந்தும் அறிவு வராதவர் உலகில் நிரம்ப உண்டு.

மணிநேரக் கணக்கு ஒன்றே மருந்தாகிவிடும் என்று நாம் கூறவில்லை. வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டுவிட்டுப் பின்வரிசையில் உறங்குவோர் எந்நாட்டிலும் உளர். இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் ஆண்டுக்கு 16 மணிநேரம் கற்கவேண்டும் என்றிருந்த விதி 2016-இல் கைவிடப்பட்டது. எத்தனை மணிநேரம் அமர்ந்தாய் என்பதை விட்டு, உன் தொழிலுக்கு வேண்டிய திறன் இன்று உன்னிடம் இருக்கிறதா என்பதை நீயே ஆராய்ந்து காட்டு என்று முறையை மாற்றினர். இரண்டில் எது சிறந்தது என்று அறிஞர்கள் வாதிடட்டும். நாம் இன்னும் முதற்படியிலேயே ஏறவில்லை.

நம் நாட்டு நிலை இதுதான். 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் நம் தொழிலை ஆள்கிறது. பட்டம் பெற்று மாநிலப் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டோர் அகில இந்திய பார் தேர்வில் ஒருமுறை தேறவேண்டும் என்ற விதி 2010-இல் வந்தது. முதல் தேர்வு 2011-இல் நடந்தது. இத்தகைய தேர்வை நடத்த இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரியில் உறுதி செய்தது. நல்லதுதான். ஆனால், அத்தேர்வின் 100 வினாக்களில் தொழில்நெறிக்கு ஒதுக்கப்பட்டவை 4 என்பதை மாணவர்கள் அறிவீர்கள். அந்நான்கையும் விட்டுவிட்டே ஒருவர் தேறிவிட முடியும். தேறிய பின், நாற்பது ஆண்டுகள் தொழில் நடத்தினாலும் மீண்டும் ஒரு புத்தகத்தைத் திறந்தாரா என்று கேட்பார் எவருமில்லை. மருந்துக் குப்பியில் காலாவதி நாள் அச்சிடப்பட்டிருக்கிறது. சட்ட அறிவுக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது.

வாசலைப் பற்றியும் ஒரு சொல். அண்ணல் அம்பேத்கர் இலண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுப் பம்பாய் திரும்பியபோது, சன்னது எடுப்பதற்கான பணமும் அவர் கையில் இல்லை. நண்பர் நவல் பத்தேனா உதவினார். நூறாண்டு கழிந்தும் அந்த வாசல் நம் பிள்ளைகளுக்குக் குறுகலாகவே இருந்தது. சட்டத்தின்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினர்க்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் 125 ரூபாய். ஆனால், பல பெயர்களைச் சொல்லி 15,000 முதல் 42,000 ரூபாய் வரை மாநிலப் பார் கவுன்சில்கள் வசூலித்து வந்தன. சட்டம் குறித்த தொகைக்குமேல் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகக் கட்டணம் ஒடுக்கப்பட்டோரைத் தொழிலுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதையும் எடுத்துரைத்தது. ஆக, வாசல் இப்போது சற்று அகன்றிருக்கிறது. உள்ளே சென்ற பின் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே இனி நம்மைச் சேர்ந்தது.

இங்கே நாம் பிறரைக் குறை சொல்லி முடித்துக்கொள்வதற்கில்லை. நம் வீட்டுக்குள்ளேயே விளக்கை ஏற்றிப் பார்க்கவேண்டும். வன்கொடுமைக்கு ஆளான குடும்பத்திற்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. 2016-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தின்படி அது குற்றத்தின் தன்மைக்கேற்ப 85,000 ரூபாய் முதல் 8,25,000 ரூபாய் வரை படிப்படியாகத் தரப்பட்டது. அத்தொகையில் இவ்வளவு பங்கு எனக்கு என்று முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளும் வழக்கறிஞர்களைப் பற்றி நாம் கேள்விப்படுகிறோம். அவர்களுள் நம் சமுதாயத்தார் எவருமில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் இயலவில்லை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிகளால் தடுக்கப்பட்டவை. 1954-இலேயே உச்சநீதிமன்றத்தின் மூத்த வழக்கறிஞர் ஒருவர், கட்சிக்காரருக்குக் கிடைக்கும் தொகையில் பாதியைத் தமக்கென ஒப்பந்தம் எழுதிக்கொண்டதற்காகத் தண்டிக்கப்பட்டார். சட்ட ஏடுகளில் அவர் பெயர்கூட அச்சிடப்படவில்லை. 'ஜி' என்ற ஓரெழுத்தால் மட்டுமே குறிக்கப்பட்டார். முறிந்த கைக்கு ஈடாக வந்த பணத்தில் பங்கு கேட்பது, பணக்காரக் கட்சிக்காரரிடம் பங்கு கேட்பதைவிடக் கொடிது என்று நாம் கருதுகிறோம். விதிநூல் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கிறது. நாம் அப்படிப் பார்ப்பதற்கில்லை.

கட்டைப் பிடித்துவைத்துக்கொள்வது மற்றொரு நோய். கட்சிக்காரர் வேறு வழக்கறிஞரிடம் போக விரும்பினால், பழைய வழக்கறிஞர் வழக்குக் கட்டைத் தர மறுப்பார்; பாக்கிக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போ என்பார். படியாத ஏழை அந்தக் கட்டுக்காக நான்கு மாதம் நடப்பார். அதற்குள் மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிடும். கட்டணம் பாக்கி என்பதற்காகக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை. அவ்வாறு செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்று 2000-இல் உச்சநீதிமன்றம் தீர்த்துவிட்டது. கட்டணம் வரவேண்டியிருந்தால் அதற்கு வேறு சட்ட வழி உண்டு. இதனை நம் தாய்மார்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கட்டு உங்களுடையது.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்றையும் மாணவர்கள் தவறாது படிக்கவேண்டும். காது கேளாத எழுபது வயது முதியவர் ஒருவர். வயது முதிர்ந்த அவருடைய மனைவி. புரோநோட்டின்மேல் வரவேண்டிய கடன் காலாவதியாகும் தறுவாயில், வழக்குத் தொடுக்க வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தினர். நீதிமன்றக் கட்டணமும் கொடுத்தனர். அவர் வழக்கை உரியபடி நடத்தவில்லை, நடப்பதாக நம்பவைத்தார். தமிழ்நாடு பார் கவுன்சில் அவரை ஆறாண்டுகள் தொழிலிலிருந்து நிறுத்தியது. இந்திய பார் கவுன்சில் அதனை ஓராண்டாகக் குறைத்தது. 1978 அக்டோபரில் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதையும் குறைத்து, பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்கவும், ஓராண்டுக் காலம் இலவசச் சட்ட உதவிப் பணி செய்யவும் பணித்தது. தவறிழைத்தவர் தண்டனையாக ஏழைகளுக்கே தொண்டு செய்யட்டும் என்னும் அவ்வெண்ணம் பெரிதும் போற்றப்பட்டது. அமர்விலிருந்த நீதிபதி ஏ.பி. சென் அதற்கு உடன்படவில்லை. நமக்கும் இங்கே ஒரு தயக்கம் உண்டு. கிருஷ்ணய்யர்மீது நாம் வைத்திருக்கும் மதிப்பு பெரிது. ஆயினும், ஒரு முதியவரை ஏமாற்றியவரை, வேறு வழியில்லாத ஏழைகளிடம் தண்டனைப் பணிக்காக அனுப்புவது அந்த ஏழைகளுக்கு நீதியாகுமா? சட்ட உதவி என்பது தேர்ந்தவர்கள் வந்து செய்யவேண்டிய இடமன்றோ? இதனை நீங்கள் விவாதித்துப் பாருங்கள். நம் தயக்கம் தவறென்றால் திருத்துங்கள்.

'ராஜி' என்பதைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். ஊர்ப் பெரியவர் அழைத்துப் பேசுகிறார். இருதரப்பு வழக்கறிஞர்களும் தேநீர் அருந்திக்கொண்டே முடிவு செய்துவிடுகின்றனர். பாதிக்கப்பட்டவரிடம் வெற்றுத்தாளில் கையொப்பம் வாங்கப்படுகிறது. கட்சிக்காரரின் தெளிவான அறிவுறுத்தல் இன்றி அவருடைய உரிமையை விட்டுக்கொடுக்க வழக்கறிஞருக்கு அதிகாரமில்லை என்று 2015-இல் உச்சநீதிமன்றம் கூறியது. வக்காலத்து என்பது வாதாடக் கொடுத்த அதிகாரம். மானத்தை விலைபேசக் கொடுத்த அதிகாரமன்று. வெற்றுத்தாளை நீட்டும் வழக்கறிஞர் எச்சாதியினராயினும், கையொப்பமிடாதீர்கள்.

இளைஞர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் கேட்டார்: "நம் மக்களைத் தாக்கியவனுக்காக நான் ஆஜராகலாமா? வந்த வழக்கை மறுக்கக்கூடாது என்றுதானே விதி கூறுகிறது?" நேர்மையான கேள்வி. தாம் தொழில் புரியும் நீதிமன்றங்களில் தம் தகுதிக்கேற்ற கட்டணத்தோடு வரும் வழக்கை வழக்கறிஞர் ஏற்கக் கடமைப்பட்டவர் என்றே விதி சொல்கிறது. சிறப்பான சூழ்நிலைகளில் மறுக்கலாம் என்றும் அவ்விதியே சொல்கிறது. எந்தக் குற்றவாளிக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நம் இளைஞர்கள் பொய்வழக்கில் சிக்குண்டு நிற்கும்போது நமக்கும் அவ்விதிதான் காப்பு. ஆகவே, ஆஜராவதும் ஆகாமற்போவதும் அவரவர் மனச்சான்றைப் பொறுத்தது. அப்படி ஆஜரானதற்காக எவரையும் நாம் துரோகி என்று தூற்றப்போவதில்லை. ஆனால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் ஆலோசனை கூறிவிட்டுப் பின்னர் எதிர்த்தரப்புக்குப் போகக்கூடாது. அதற்கு மனச்சான்று இடம் தந்தாலும் விதி இடம் தராது.

வழக்கறிஞர் தவறிழைத்தால் எங்கே போவது? வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் மாநிலப் பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதலாம். கண்டித்தல், சில காலம் நிறுத்திவைத்தல், பட்டியலினின்றும் பெயரை நீக்குதல் ஆகியவை அங்கே விதிக்கப்படும் தண்டனைகள். புகாரை ஓராண்டுக்குள் முடிக்கவேண்டும். முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குச் செல்லும். அதன்பின் உச்சநீதிமன்றம். வழி இருக்கிறது. ஆனால், வழக்கில் தோற்றதெல்லாம் வழக்கறிஞரின் குற்றமன்று என்பதையும் உறுப்பினர்கள் உணரவேண்டும். உண்மையாக உழைத்துத் தோற்றவர்மீது ஆத்திரத்தில் எழுதும் புகார், உண்மையான புகாரின் வலிமையையும் கெடுத்துவிடும்.

மகத் குளத்து வழக்கை நாம் ஏன் மறக்கலாகாது என்பதைச் சொல்லி, செய்யவேண்டியதற்கு வருகிறோம். 1927 மார்ச் 20-இல் அண்ணல் சவுதார் குளத்து நீரை அருந்தினார். அதைக் கொண்டாடுகிறோம், படம் வரைகிறோம். அவ்வாண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் அவர்மீது உரிமையியல் வழக்குத் தொடுத்தனர் என்பதையும், அது 1937 மார்ச்சில்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிந்தது என்பதையும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. தீண்டத்தகாதோரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். அது தொன்றுதொட்டது என்று மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் முடிவு கட்டியது. வழக்காறு என்பது சட்டத்தின் முன் எப்போது செல்லும், எப்போது செல்லாது என்னும் நுணுக்கத்தில்தான் அவ்வெற்றி அடங்கியிருந்தது. குளத்தில் கைவைக்க ஒரு நாள் போதுமானதாயிருந்தது; அக்கை வைத்தது சரி என்று நிலைநாட்டப் பத்தாண்டுகள் ஆயின. அந்தப் பத்தாண்டுகளுக்குள் அண்ணல் சட்டக் கல்லூரிப் பேராசிரியராகவும், 1935-இல் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வராகவும் ஆனார். வாதாடிக்கொண்டும், கற்பித்துக்கொண்டும், கற்றுக்கொண்டும் இருந்தார்.

அரசோ பார் கவுன்சிலோ தொடர்கல்வியைக் கட்டாயமாக்கும்வரை நாம் காத்திருக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை சங்க நூலகத்தில் சட்ட வாசிப்பு வட்டம் கூடுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. சொற்பொழிவு கிடையாது. ஒரு பிரிவு, அதன்மேல் ஒரு தீர்ப்பு, நம் பகுதியில் நடந்த ஒரு வழக்கு, இவ்வளவே. தொழிலில் இருப்போரும் மாணவரும் ஒரே மேசையில் அமரவேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ளவரை முதலாண்டு மாணவி கேள்வி கேட்டால் எவரும் முகம் சுளிக்கலாகாது. மூன்றாவது ஞாயிறு மாலை, உறுப்பினர்கள் தங்கள் வழக்குத் தாள்களைக் கொண்டுவந்து காட்டலாம். அவர்களுடைய வழக்கறிஞரை அறியாமல் எந்த ஆலோசனையும் சொல்லப்படமாட்டாது. சங்கத்தின் உதவித்தொகையில் சட்டம் படித்தோர், நிவாரணத் தொகையில் பங்கு பெறுவதில்லை என்றும், கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கு வைப்பதென்றும் எழுதிக் கொடுக்கவேண்டும் என்னும் யோசனையும் வந்துள்ளது. விதியில் உள்ளதையே மீண்டும் எழுதித் தரச் சொல்வது எதற்கு என்று சிலர் வருந்தினர். அவர்கள் வருத்தம் நமக்குப் புரிகிறது. பொதுக்குழுவில் பேசி முடிவு செய்யலாம்.

நூலகத்தில் உள்ள சட்டநூல்களை இவ்விழாவுக்கு முன் எடுத்து அடுக்கிப் பார்த்தோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட நூல் நான்கு படிகள் இருந்தன. மூன்று 2015-க்கு முந்தியவை. அம்மூன்றின் அட்டையிலும் 'பழையது' என்று சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறோம். அவற்றை எறியவில்லை; எது மாறியது என்பதைக் காட்டப் பயன்படும். முதல் ஞாயிறு வாசிப்புக்கு 15-ஏ பிரிவையே எடுத்துக்கொள்கிறோம். நாம் முன்பு சொன்ன அந்த வழக்கறிஞர்தான் அதனை விளக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். காலை பத்து மணிக்குத் தொடங்குவோம். திருத்தப்பட்ட பதிப்பு நூலகத்தில் ஒன்றே உள்ளதால், வைத்திருப்போர் கையோடு கொண்டுவரவேண்டுகிறோம்.